விடியலுக்கு முன் பாதி, வெயிலில் மீதி: சென்னையில் மாரத்தான் ஓடுவதற்கான வேகக் கணக்கு

சென்னையில் ஜனவரி மாதத் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய 6:35 மணிக்கு உதிக்கிறது. மாரத்தான் ஓடுபவர்கள் அதற்கு வெகுமுன்பே, நான்கு மணியளவில், இருட்டில் புறப்பட்டுவிடுகிறார்கள். நான்கரை மணி நேரத்தில் 42.195 கிலோமீட்டரை முடிக்க நினைக்கும் ஒருவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்ற வேகத்தில் ஓடியாக வேண்டும். அப்படி ஓடினால் சூரியன் எழும்போது அவர் 24 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பார்; மீதமுள்ள பதினெட்டு கிலோமீட்டரும் வெளிச்சத்தில்தான், அதிலும் கடைசி ஒரு மணி நேரம் நன்றாக ஏறிவிட்ட வெயிலில்தான். ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொள்பவருக்கோ பாதித் தூரம் முடிவதற்குள் விடிந்துவிடுகிறது. மெதுவாக ஓடுபவர்கள் அதிக நேரம் ஓடுவதோடு, அதிக வெயிலிலும் ஓடுகிறார்கள் என்பதைப் பயிற்சித் திட்டங்களை எழுதுபவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்களுக்காக எழுதப்பட்டவை. பெர்லினிலும் சிகாகோவிலும் பொருந்தும் வேகக் கணக்கை அப்படியே எடுத்து வந்து மெரினா கடற்கரைச் சாலையில் ஓடுபவர்கள் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின் நடந்து செல்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் உழைப்புக்கோ மன உறுதிக்கோ குறைவில்லை. அவர்கள் கையில் இருந்த கணக்கு வேறு ஊருக்கானது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜிம் பீட்டர்ஸ் என்ற இங்கிலாந்து வீரர். 1950-களின் தொடக்கத்தில் மாரத்தானில் அவரை மிஞ்ச ஆளில்லை. உலகின் மிகச் சிறந்த நேரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அதைத் தாமே திரும்பத் திரும்பக் குறைத்தவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தொடக்கத்திலேயே அவர் வேகமாகப் பாய்ந்தார். அதுவரை ஒரு மாரத்தான்கூட ஓடியிராத செக் நாட்டு வீரர் எமில் சடோபெக் அவரை எட்டிப்பிடித்து, இந்த வேகம் சரிதானா என்று கேட்டாராம். போதாது என்று பீட்டர்ஸ் பதில் சொன்னாராம். சடோபெக் முன்னேறிச் சென்று 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் தங்கம் வென்றார். பீட்டர்ஸ் ஓட்டத்தை முடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஆகஸ்ட் மாதத்தில், வான்கூவரில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் நடந்தது இதைவிடக் கொடியது. கடும் வெயிலில், இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னதாக அவர் அரங்குக்குள் நுழைந்தார். நடந்தே வந்திருந்தாலும் வென்றிருப்பார். ஆனால் அரங்குக்குள் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சில நூறு அடி தூரத்தைக் கடக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் போராடியும் எல்லைக் கோட்டைத் தொட முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிர் பிழைத்தார்; அதன் பின் அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. உலகிலேயே மிகச் சிறந்த உடல் தகுதி கொண்டிருந்த ஒருவருக்கு, ஈடு செய்ய முடியாத அளவு முன்னிலை இருந்தும், வெயில் தெரியாத ஒரு வேகம் செய்தது இது.

இந்த வெயில் கணக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் சுமந்து ஓட உடல் தோராயமாக ஒரு கிலோ கலோரி செலவழிக்கிறது. ஆகவே 65 கிலோ எடையுள்ளவர் முழு மாரத்தானுக்கு 2,700 கிலோ கலோரிக்கு மேல் செலவழிப்பார். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் வரை இருக்கலாம். அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 2,000 கிலோ கலோரிதான். மீதியைக் கொழுப்பிலிருந்தும், வழியில் உண்பதிலிருந்தும் எடுக்க வேண்டும். கொழுப்புக்குப் பஞ்சமில்லை, ஒல்லியானவர் உடலிலும் பல மாரத்தான்களுக்குப் போதுமான கொழுப்பு இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடல் கிளைக்கோஜனையே நாடுகிறது. எனவே முதல் பத்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு இருபது விநாடி வேகமாக ஓடுவதன் விலை அந்தப் பத்து கிலோமீட்டரில் தெரிவதே இல்லை. அது முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் அளவில், தொடைகள் கனத்து, எண்ணம் மங்கி, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகும்போதுதான் தெரிகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் மோதுவது என்பார்கள். முன்னே சம்பாதித்த மூன்று நிமிடத்துக்குப் பின்னே இருபது நிமிடத்தைக் கொடுப்பது மாரத்தானில் அன்றாடம் நடக்கும் வியாபாரம்.

இதன் மேல் வெப்பம் சேர்கிறது. ஓடும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுமையாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். மேலே சொன்ன 65 கிலோ மனிதர் தமது வெப்பத்தை வியர்வை ஒன்றால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமென்றால் மூன்றரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கடற்கரை நகரத்தின் அதிகாலை ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. காலுறை நனைந்து, ஒவ்வோர் அடிக்கும் காலணிக்குள் சளக் சளக்கென்று ஒலி எழுகிறது. உடல் தோலுக்கு மேலும் மேலும் இரத்தத்தை அனுப்பிக் குளிர்விக்கப் பார்க்கிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. கைக்கடிகாரத்தில் வேகம் மாறாமல் அப்படியே நிற்க, இதயத் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 145-இலிருந்து 150, 158, 165 என்று ஏறிக்கொண்டே போவதை இங்கே ஓடுபவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். வேகம் ஒன்றுதான், ஆனால் உழைப்பு ஒன்றல்ல.

2019 செப்டம்பரில் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். வெயில் இல்லை, ஆனால் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருந்தது, ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. புறப்பட்ட 68 பேரில் 40 பேரே முடித்தார்கள். வென்றவரின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அந்தப் போட்டியின் வரலாற்றில் வெற்றி பெற்றவர் ஒருவர் எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரம் அது. அங்கே ஓடியவர்கள் அனைவரும் தத்தம் நாட்டின் தேர்ந்த வீராங்கனைகள். இருட்டில் புறப்படுவதாலேயே ஈரப்பதம் நம்மை விட்டுவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு அந்த இரவை நான் நினைவூட்டுவதுண்டு.

சமமான வேகம், அல்லது இரண்டாம் பாதியை முதல் பாதியைவிட விரைவாக ஓடுவது, மாரத்தானின் உயர்ந்த முறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடியும், இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடியும் எடுத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் 24 வயதில் சாலை விபத்தில் அவர் இறந்தது இந்த விளையாட்டை நேசிக்கும் எல்லோருக்கும் இன்னும் ஆறாத துயரம். 2019-இல் எலியுட் கிப்சோகே வியன்னாவில் இரண்டு மணி நேரத்துக்குள், 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில், அந்தத் தூரத்தைக் கடந்தபோது ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 50 விநாடியைச் சுற்றியே இருந்தது. ஆனால் இவை இரண்டும் அக்டோபர் மாதத்துக் குளிரில் நடந்தவை. வியன்னாவில் நாளையும் நேரத்தையும்கூட வானிலையைப் பார்த்தே முடிவு செய்தார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை காற்றின் வெப்பம் பெரிதாக மாறாத ஊரில் சமமான வேகமும் சமமான உழைப்பும் ஒன்றுதான். இருட்டில் 21 டிகிரியில் தொடங்கி, எட்டரை மணி வெயிலில் முடிக்கும் ஊரில் அவை இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பிரியும்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது உழைப்பைத்தான், வேகத்தை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இதைக் கேட்டவுடன் பலர், அப்படியானால் இருட்டு இருக்கும்போதே வேகமாக ஓடி நேரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது ஜிம் பீட்டர்ஸின் வழி. குளிரில் எளிதாக வரும் வேகத்தில் ஓடுவது வேறு, குளிரைச் சாக்காக வைத்து மூச்சு வாங்க ஓடுவது வேறு. இரண்டுக்கும் இடையே கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டை உடலால் உணரக் கற்றுக்கொள்வதற்குத்தான் நான்கு மாதப் பயிற்சி.

பயிற்சிக்கு முன் இலக்கைப் பற்றி ஒரு சொல். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு சூத்திரம் தந்தார். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ 2.085 மடங்காகிறது என்பது அதன் சாரம். அதன்படி அரை மாரத்தானை 2 மணி 5 நிமிடத்தில் ஓடியவர் முழு மாரத்தானை 4 மணி 20 நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் வாரத்துக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் நடைமுறையில் தாராளமாகவே இருக்கிறது. வெயிலோ அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே சென்னையில் அவருக்கு நான் 4 மணி 30 நிமிடம் என்றே சொல்வேன். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே பயிற்சியைச் செருகிக்கொள்ளும் பெரும்பாலோருக்கு இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுப்பது கடினமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இலக்கு அடையக்கூடியது. மற்றது பலருக்கு வெறும் விருப்பம்.

எங்கள் குழுவில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைச் சார் என்றே அழைப்போம். புதிதாகச் சேர்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டத்தில் முன்னே பாய்ந்தால், அவர் பக்கத்தில் வந்து, "தம்பி, பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா? சொல்லிக்கொண்டே வாருங்கள்" என்பார். முதலில் விளையாட்டு என்றே நினைப்பார்கள். ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று சொல்லத் தொடங்கினால், மூன்று வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவரை அது எளிய வேகம். இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் மாரத்தான் வேகத்தை நெருங்குகிறோம். ஒரு வரியே பாதியில் உடைந்தால் அது நெடு ஓட்டத்துக்கான வேகமே இல்லை. "ஐபதினாறு எண்பது வரை வரவில்லையே, கொஞ்சம் அடக்கி ஓடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் அதே சீரில் போய்க்கொண்டிருப்பார். பேச முடிகிற வேகத்தில் ஓடு என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வதுதான் இது. ஆனால் பேச்சில் நாம் நம்மை அறியாமலே சொற்களைச் சுருக்கிக்கொள்கிறோம், வாய்ப்பாட்டைச் சுருக்க முடியாது. கடிகாரத்தின் இதயத் துடிப்புக் கணக்கை ஈரமான மணிக்கட்டு அடிக்கடி குழப்பிவிடுகிறது, வாய்ப்பாடு குழப்புவதில்லை. போட்டி நாளன்றும் பத்தாவது கிலோமீட்டர் வரை இதையே மனத்துக்குள் அல்லாமல் உதட்டளவில் சொல்லிப் பார்க்கிறேன்.

எளிய வேகத்தில் அதிகத் தூரம் ஓடுவது பயிற்சியின் அடித்தளம் என்பதை உலகுக்கு நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தம் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவர். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் அவர் ஆக்லாந்தின் மலைச் சாலைகளில் 22 மைல் நெடு ஓட்டம் ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பாரி மேகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார். ஒரே நகரத்தில், ஒரே பயிற்சியாளரிடம் பயின்றவர்கள். மெதுவான நெடு ஓட்டங்களில்தான் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. வாரத்தின் பெரும்பகுதித் தூரத்தை வாய்ப்பாடு உடையாத வேகத்தில் ஓடுவதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஜனவரி ஓட்டத்துக்குச் செப்டம்பரில் தயாராகத் தொடங்கினால் நம் ஊரின் பருவங்கள் பயிற்சிக்குள் புகுந்து விளையாடும். செப்டம்பர் அதிகாலையில் 25, 26 டிகிரிக்குக் குறைவதில்லை, காற்றும் அசைவதில்லை. அந்த மாதத்தில் எளிய வேகம் என்பது டிசம்பர் மாதத்து எளிய வேகத்தைவிட கிலோமீட்டருக்கு அரை நிமிடம்கூட மெதுவாக இருக்கலாம். இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாட்கள் தொடர்ந்து ஓடினாலே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை விரைவில் தொடங்குகிறது, அதில் வீணாகும் உப்பும் குறைகிறது. செப்டம்பரில் வேகத்தைத் தேடாமல் நேரத்தைக் கணக்கிட்டு ஓடுவதே சரி. இரண்டு மணி நேரம் ஓடு என்றால் இரண்டு மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் வந்தாலும் சரி. அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. சாலையில் நீர் தேங்கினால் பள்ளமும் மூடியில்லாத குழியும் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட காலையில் நெடு ஓட்டத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுவதில் எந்த இழப்பும் இல்லை. தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தில் மேம்பாலங்கள் கைகொடுக்கின்றன. அங்கே நீர் நிற்காது. தட்டையான சென்னையில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பதும் அவைதாம். ஒரே மேம்பாலத்தில் போக்குவரத்து குறைந்த வேளையில் ஏறி இறங்கினால் தொடையின் முன்பக்கத் தசைகள் இறக்கத்தில் வலுப்பெறுகின்றன. கடைசிப் பத்து கிலோமீட்டரில் முதலில் கைவிடும் தசைகள் அவையே.

மார்கழி பிறக்கும்போது மயிலாப்பூர் தெருக்களில் நாலரை மணிக்கே கோலமிடுகிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள். நாங்கள் நடு வீதியில் ஓடிக் கோலங்களைச் சுற்றிச் செல்வோம். அந்த நாட்களில்தான் வேகம் தானாக வருகிறது. நவம்பர் கடைசியிலிருந்து நெடு ஓட்டங்களின் இறுதிப் பகுதியை மாரத்தான் வேகத்தில் ஓடத் தொடங்குகிறோம்: 26 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசி எட்டு, பின்னர் 30 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசி பத்து அல்லது பன்னிரண்டு. நான்கு மணிக்குப் பதிலாக ஐந்தரை மணிக்குத் தொடங்கி அந்தக் கடைசிப் பகுதி வெயிலில் விழும்படி வைத்துக்கொள்வது என் வழக்கம். எப்போதும் இருட்டிலேயே பயிற்சி முடித்துவிட்டு, போட்டி நாளில் மட்டும் எட்டு மணி வெயிலைச் சந்திப்பது உடலுக்கு நியாயமில்லை. இந்த ஓட்டங்களில் இலக்கு வேகத்தைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை என்றால் இலக்கைத்தான் திருத்த வேண்டும். டிசம்பர் நடுவில் திருத்திக்கொள்வது எளிது. முப்பதாவது கிலோமீட்டரில் திருத்துவது கடினம்.

நீரைப் பற்றி இருவகைத் தவறான அறிவுரைகள் உலவுகின்றன. ஒன்று, தாகம் எடுத்தால் குடித்தால் போதும் என்பது. மற்றொன்று, ஒவ்வொரு நீர் மேசையிலும் வயிறு நிறையக் குடி என்பது. இரண்டாவது இன்னும் ஆபத்தானது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் போது எடை கூடியவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், இது மிகுதியாக இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அதில் அதிகம். தன் வியர்வையைத் தானே அளந்துகொள்வதே இதற்கு வழி. ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஆடையின்றி எடை பார்த்து, எதுவும் குடிக்காமல் ஒரு மணி நேரம் மாரத்தான் வேகத்தில் ஓடி, மீண்டும் அதேபோல் எடை பார்க்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டர் இழக்கிறவர் அதைப் போட்டியில் முழுவதும் ஈடுசெய்ய முயல வேண்டாம். பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள் குடித்தால் வயிறும் ஏற்றுக்கொள்ளும், உடலும் தாங்கும். தொப்பியிலும் சட்டையிலும் வெள்ளையாக உப்புப் படிவது தெரிந்தால் வெறும் நீர் போதாது. ஓஆர்எஸ் கரைசலையோ உப்புள்ள பானத்தையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். குடிப்பதற்கு அப்பால், தலையிலும் பிடரியிலும் ஊற்றிக்கொள்ளும் நீருக்கு வெயிலில் தனி மதிப்பு உண்டு. அது ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பத்துக்கு நம் உடலிலிருந்து ஒரு சொட்டும் செலவாவதில்லை.

உணவில் எனக்குப் பெரிய கொள்கைகள் இல்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஓட்டத்தின் நடுவே விழுங்கும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம், ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறத்தாழ அவ்வளவே. பசிக்கும் முன், முதல் நாற்பது நிமிடத்துக்குள் தொடங்கி, அரை மணி நேரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வேன். இரண்டரை மணிக்கு எழுந்து சர்க்கரை தொட்டு மூன்று இட்லி. முந்தைய நாள் மதியம் வயிறு நிறையச் சோறு, இரவு அளவாகத் தயிர் சாதம். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று தொடுவதில்லை.

கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கும் காலம். முதல் வாரம் வழக்கமான தூரத்தில் முக்கால், அடுத்த வாரம் பாதி, கடைசி வாரம் கால் பங்குக்குச் சற்றே மேல். ஆனால் வாரம் ஒருமுறையாவது மாரத்தான் வேகத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி அந்தச் சீரைக் கால்களுக்கு நினைவூட்ட வேண்டும். இந்த வாரங்களில் தூக்கம் மிகுந்த மதிப்புள்ளது. போட்டிக்கு முந்தைய இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது, இரண்டரை மணிக்கு எழ வேண்டியவருக்கு எப்படி வரும். அதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

இனி போட்டி நாள். நான்கரை மணி நேர இலக்குக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கைச் சொல்கிறேன். முதல் ஐந்து கிலோமீட்டர் 6:30 வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடி. கூட்டத்தின் நெரிசலும் குளிர்ந்த கால்களும் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் கூடாது. அதன் பின் 25 கிலோமீட்டர் வரை 6:15. இதுவே இருட்டின் பகுதி. இந்த வேகத்தில் வாய்ப்பாடு இரண்டு வரியாவது தொடர்ந்து வர வேண்டும், வரவில்லை என்றால் இலக்கு தவறு. 25-ஆவது கிலோமீட்டரில் ஏறத்தாழ சூரியன் எழுகிறது, அங்கிருந்து 6:32. மொத்தம் 4 மணி 29 நிமிடம் 50 விநாடி. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் மூன்றரை நிமிட வேறுபாடுதான். வேகத்தின்படி பார்த்தால் பின்பாதி தளர்ந்ததுபோல் தோன்றும். உழைப்பின்படி பார்த்தால் கடைசிப் பதினேழு கிலோமீட்டரும் முன்னைவிடக் கடினமானவை. மேகமூட்டமான நாளாக இருந்தால் 25-க்குப் பின்னும் 6:20-இலேயே ஓடலாம். அதிகாலையிலேயே புழுக்கமாக இருந்தால் முதலிலிருந்தே கிலோமீட்டருக்குப் பத்து விநாடியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த முடிவைப் புறப்படும் முன்பே, கோட்டுக்குப் பின்னால் நிற்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

கைக்கடிகாரத்தை முழுமையாக நம்ப வேண்டாம். வளைவுகளில் உள்பக்கமாக ஓடாமல் நடுவில் ஓடுவதாலும், செயற்கைக்கோள் குறிகளின் பிழையாலும், முடிவில் அது 42.6 கிலோமீட்டர் என்று காட்டக்கூடும். கடிகாரத்தின் 6:24-ஐ நம்பி ஓடியவர் அப்படியானால் 4 மணி 32 நிமிடத்தைத் தாண்டித்தான் முடிப்பார். சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகைகளில் மொத்த நேரத்தைப் பார்த்து ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிசெய்துகொள்வதே நம்பகமானது. குறித்த நேரத்தில் முடிக்க வழிகாட்டிக் கொடியேந்தி ஓடும் பேசர்களைப் பின்தொடர்வது நல்ல துணை. பெரும்பாலும் அவர்கள் சமமான வேகத்தில் ஓடுவதாகவே திட்டமிட்டிருப்பார்கள் என்பதால், இருட்டில் அவர்களுக்குச் சற்று முன்னும், வெயிலில் அவர்களோடும் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். பேசர் கூட்டத்தின் நடுவில் நீர் மேசைகளில் நெரிசல் அதிகம். கடைசி மேசையில் எடுத்தால் தடுக்கி விழாமல் குடிக்கலாம்.

முப்பத்திரண்டுக்குப் பின் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சரியாக ஓடி வந்தவருக்கு அப்போதும் வலிக்கும். ஆனால் வேகம் கையில் இருக்கும். நான் தூரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அடுத்த நீர் மேசை வரை மட்டும் ஓடுகிறேன். அடிகளைச் சிறிதாக்கி விரைவாக வைக்கிறேன். நீண்ட அடிகள் களைத்த தொடையைப் பிடித்து இழுக்கும். மேசையில் பத்து அடி நடந்து முழுதாகக் குடித்துவிட்டு மீண்டும் ஓடுவதில் இழப்பது சில விநாடிகளே. தலை சுற்றுவது, சிலிர்ப்பது, வியர்வை நின்றுபோவது, நேராக ஓட முடியாமல் தள்ளாடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் இலக்கை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நிழலுக்குப் போய் உதவி கேட்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால் அவர் மறுத்தாலும் நாம் நின்றாக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் 38-ஐக் கடந்துவிட்டால் மிச்சம் இருப்பதை எல்லாம் செலவழிக்கலாம். அதுவரை அடக்கி வைத்திருந்ததன் பயன் அங்கேதான் கிடைக்கிறது: சாலையெங்கும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு நடுவே, முதல் பத்து கிலோமீட்டரில் நம்மை முந்திப் போனவர்களைத் தாண்டி, அதே சீரில் ஓட முடிகிறது.

முடித்த மறுநாள், கால்கள் படியிறங்க மறுக்கும்போது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக எட்டு நேரங்களையும் கடைசி 2.195 கிலோமீட்டருக்கான நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். பக்கத்தில் அன்றைய வெப்பம், மேகம், எங்கே என்ன குடித்தேன் என்ற குறிப்புகள். இரண்டாம் பாதி முதல் பாதியைவிட ஐந்து நிமிடத்துக்குள் தாமதமாகி இருந்தால் இலக்கும் கணக்கும் சரி. பத்து நிமிடம் என்றால் இருட்டில் ஓடிய வேகம் அதிகம். இருபதைத் தாண்டினால் நெடு ஓட்டங்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த செப்டம்பரில் பயிற்சி அந்தத் தாளிலிருந்து தொடங்குகிறது.